உறவினர் எழுவர், நான்கு இரவுகள்: திருகோணமலையில் சிக்கனமாகத் தங்கவைக்க என்ன வழி?

மருமகள்_பாலையூற்று எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஓகஸ்ட் மாதப் பாடசாலை விடுமுறையில் என் கணவரின் தமக்கையார் குடும்பத்துடன் ஹட்டனிலிருந்து திருகோணமலைக்கு வருவதாக அறிவித்திருக்கிறார். அவர், அவருடைய கணவர், இரண்டு சிறு பிள்ளைகள், என் மாமியார், கணவரின் தம்பி, அவருடைய மனைவி என எழுவர். வாடகை வேனில் வருவதால் சாரதியும் உடனிருப்பார். நான்கு இரவுகள் தங்குவார்கள். எங்கள் வீட்டில் இரண்டே அறைகள். மூத்த மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். வீடு இருக்கும்போது சொந்தக்காரரை வெளியில் தங்கவைப்பது முறையல்ல என்று என் கணவர் வருந்துகிறார். ஆனாலும் எட்டுப் பேரை இந்த வீட்டில் படுக்கவைத்தால் அவர்களுக்கும் வசதிப்படாது, எங்களுக்கும் வசதிப்படாது.

முன்பதிவு இணையத்தளம் ஒன்றில் தேடியபோது நிலாவெளிக் கடற்கரையோரத்தில் இரண்டு அறைகளுக்கு ஓரிரவுக்கு 30,000 ரூபா காட்டியது. பணம் செலுத்தும் பக்கத்துக்குப் போனதும் அந்தத் தொகை இன்னும் கூடியது. எங்களால் நான்கு இரவுகளுக்கும் சேர்த்து 60,000 ரூபாவுக்கு மேல் ஒதுக்க இயலாது. கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று, நிலாவெளிக் கடல், முடிந்தால் புறாத்தீவு ஆகியவற்றைப் பார்க்க அவர்கள் விரும்புகிறார்கள். எந்தப் பகுதியில் அறை எடுப்பது நல்லது, இணையத்தில் பதிவது மலிவா அல்லது நேரில் பேசுவது மலிவா, காலை உணவு சேர்ந்த அறை எடுக்கலாமா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

அலஸ்தோட்டம்_விடுதி எழுதியது:

வணக்கம் சகோதரி. நான் அலஸ்தோட்டத்தில் சிறிய விருந்தினர் விடுதி ஒன்றை நடத்துகிறேன். என் விடுதியை விற்பதற்காக இதை எழுதவில்லை. ஓகஸ்ட்டில் என்னிடம் பெரும்பாலும் இடமிருக்காது. ஆனால் அறையின் விலை எப்படி அமைகிறது என்பதை உள்ளிருந்து பார்ப்பவன் என்ற முறையில் சில விடயங்களைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன்.

முதலாவது, பணம் செலுத்தும் பக்கத்தில் தொகை ஏன் கூடியது என்பது. பெரிய ஹோட்டல்கள் அறை விலையைச் சொல்லும்போது ‘பிளஸ் பிளஸ்’ என்று சொல்வார்கள். அறை 10,000 ரூபா என்றால் அதன்மேல் 10 வீதம் சேவைக் கட்டணம் சேர்ந்து 11,000 ஆகும். அந்த 11,000 ரூபாவின்மேல் 18 வீத வற் வரி சேர்ந்தால் 12,980 ரூபா ஆகிவிடும். 2024 ஜனவரியில் வற் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமாக உயர்ந்தபின் இந்த இடைவெளி இன்னும் அகன்றுவிட்டது. எங்களைப் போன்ற சிறிய விடுதிகள் பெரும்பாலும் வற் பதிவுக்குள் வருவதில்லை என்பதால், நாங்கள் சொல்லும் விலையே இறுதி விலையாக இருப்பது வழக்கம். ஆகவே இரண்டு இடங்களை ஒப்பிடும்போது முதற் பக்கத்தில் தெரியும் எண்ணை ஒப்பிடாதீர்கள். ‘எல்லாம் சேர்த்து நாங்கள் கையில் தரவேண்டிய மொத்தத் தொகை எவ்வளவு?’ என்று இரண்டு இடத்திலும் ஒரே கேள்வியைக் கேட்டு, அந்த இரண்டு விடைகளையும் ஒப்பிடுங்கள்.

இரண்டாவது, இணையத்தளத்துக்கு நாங்கள் கொடுக்கும் தரகு. பொதுவாக 15 வீதம் அளவிலும், தளத்தில் மேலே காட்டப்பட வேண்டுமானால் அதற்கு மேலும் போகும். நீங்கள் நேரடியாகத் தொலைபேசியில் பேசினால் அந்தத் தரகின் ஒரு பகுதியையாவது விட்டுத்தரப் பெரும்பாலான உரிமையாளர்கள் தயாராக இருப்பார்கள். ஆனால் வெறுமனே ‘குறைத்துத் தாருங்கள்’ என்று கேட்பதைவிட, ‘இத்தனையாம் தேதி முதல் நான்கு இரவுகள், இரண்டு அறைகள், எழுவர், இணையத்தில் உங்கள் விலை இவ்வளவு காட்டுகிறது, நேரடியாக எடுத்தால் என்ன விலை?’ என்று கேட்பது நல்லது. இப்படிக் கேட்பவர் உண்மையாக வரப்போகிறவர் என்று எங்களுக்கு உடனே புரிந்துவிடும். நான்கு இரவுகள் தொடர்ந்து நிரம்புவதற்காக, ஓரிரவு விருந்தாளிக்குச் சொல்லாத விலையை நான் மனமுவந்து சொல்வேன். ஒவ்வொரு நாளும் விரிப்பு மாற்றி, குளியலறை கழுவி, புதியவரை எதிர்பார்த்துக் காத்திருக்கும் செலவு எனக்கு மிச்சமாகிறது அல்லவா?

மூன்றாவது, கிழமை நாட்கள். ஓகஸ்ட் எங்களுக்கு உச்சப் பருவம். மே முதல் செப்டெம்பர் வரை இங்கே கடல் அமைதியாக இருப்பதால் வெளிநாட்டவர்கள் அப்போதுதான் வருகிறார்கள். பாடசாலை விடுமுறையும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது. இருந்தாலும் கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் வரும் உள்ளூர்க் குடும்பங்கள் வெள்ளி மாலை வந்து ஞாயிறு மதியம் போய்விடும். ஞாயிறு பிற்பகல் வந்து வியாழன் காலை புறப்படுவதாக உறவினர் திட்டமிட்டால் அதே அறை குறைந்த விலையில் கிடைக்கும். அந்தக் கிழமையில் போயா விடுமுறை விழுகிறதா என்று நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். போயா வெள்ளியிலோ திங்களிலோ வந்தால் நீண்ட வார இறுதி என்று எல்லோரும் கிளம்பிவிடுவார்கள்.

பகுதியைப் பொறுத்தவரை, கடலைப் பார்த்தபடி இருக்கும் முதல் வரிசையை விட்டுவிட்டு, உப்புவெளியிலோ அலஸ்தோட்டத்திலோ நிலாவெளி வீதியை அண்டிய உள்ளொழுங்கைகளில் தேடுங்கள். ஐந்து நிமிட நடையில் அதே கடல்தான். விலை மட்டும் கணிசமாகக் குறையும்.

தபால்கந்தோர்_வீதி எழுதியது:

தங்கச்சி, விடுதிக்கார நண்பர் சொன்ன விலைக் கணக்கு முழுவதும் சரியானது. ஆனால் உப்புவெளி என்ற ஆலோசனையில் எனக்கு உடன்பாடு இல்லை. நான் இந்த நகரத்திலேயே பிறந்து, உத்தியோகம் பார்த்து, ஓய்வு பெற்றவன். உறவினர் வரும்போது தங்குமிடச் செலவை மட்டும் தனியே எடுத்துப் பார்ப்பதால்தான் பலர் கூடுதலாகச் செலவழிக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

உங்கள் உறவினர்கள் வெறும் சுற்றுலாப் பயணிகள் அல்லர். உங்களைப் பார்க்க வருகிறவர்கள். காலை உணவும் இரவு உணவும் உங்கள் வீட்டில்தான் நடக்கப்போகின்றன. எழுவருக்கும் சாரதிக்கும் ஒரு வேளைச் சாப்பாட்டைக் கடற்கரை விடுதியில் வாங்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்; அதே பணத்தில் உங்கள் சமையலறையில் இடியப்பமும் சொதியும் சம்பலும் இரண்டு நாளைக்கு ஆக்கிவிடலாம். ஆகவே காலை உணவு சேர்ந்த அறை உங்களுக்குத் தேவையே இல்லை. ‘அறை மட்டும்’ என்று கேட்டு, உணவுக்கான தொகையைக் கழிக்கச் சொல்லுங்கள். அப்படியானால் அறை உங்கள் வீட்டுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவுக்கு நல்லது. பாலையூற்றுக்கும் அநுராதபுரச் சந்திக்கும் நகரத்துக்கும் இடையில் வீட்டோடு சேர்ந்த மேல்மாடி அறைகளையும், கடற்கரைக் கவர்ச்சி இல்லாததால் மலிவாக இருக்கும் சிறிய லொட்ஜ்களையும் தேடுங்கள். இங்கெல்லாம் வருகிறவர்கள் அலுவலகக் கடமைக்கு வரும் உத்தியோகத்தர்களும் விற்பனைப் பிரதிநிதிகளும் என்பதால், பாடசாலை விடுமுறை என்று விலை ஏறுவது குறைவு. வார இறுதியில் மாறாக இடம் காலியாகவே இருக்கும்.

பார்க்க விரும்பும் இடங்களையும் யோசியுங்கள். கோணேசர் கோயில் நகரத்தின் முனையில், பிரெடரிக் கோட்டைக்குள் இருக்கிறது. கன்னியா அநுராதபுர வீதியில் இருக்கிறது. அதற்கு உங்கள் பக்கத்திலிருந்துதான் சுலபமாகப் போகலாம். நிலாவெளி மட்டுமே வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தள்ளியது. புறாத்தீவு 2003 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். அங்கே யாரும் இரவு தங்க முடியாது. வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிச்சீட்டு எடுத்து, நிலாவெளிக் கரையிலிருந்து படகில் காலையில் போய்த் திரும்புவதுதான் வழக்கம். படகுக்கு ஆள்கணக்கில் அல்லாமல் படகுக்கணக்கில் வாடகை பேசுவார்கள் என்பதால் எழுவரும் ஒன்றாகப் போனால் செலவு பகிர்ந்துவிடும். ஆக, நிலாவெளிக்கு ஒரு நாள் போதும். அந்த ஒரு நாளுக்காக நான்கு இரவும் கடற்கரை விலை கொடுப்பது நியாயமாகப் படவில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பேருந்து நிலையத்தை ஒட்டியும் மத்திய வீதியிலும் அறை எடுக்க வேண்டாம். மலிவுதான், ஆனால் விடியற்காலையிலிருந்து தூரப் பேருந்துகளின் ஒலிப்பான் ஓயாது. டச்சு விரிகுடாப் பக்கமும் உட்துறைமுக வீதிப் பக்கமும் அமைதியானவை.

இதைப் படிக்கும் கொழும்பு வாசகர்களுக்கும் ஒரு குறிப்பு: கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து இரவு ரயிலில் வருகிறவர்களுக்கு ஓரிரவு அறைச் செலவு மிச்சமாகும். ஆனால் விடுதிகள் பொதுவாகப் பிற்பகலில்தான் அறையைத் தருவதால், பைகளை வைத்துக் குளிப்பதற்கு இடம் தருவார்களா என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். காலையில் இறங்கியபின் கேட்டால் அரை நாள் வாடகை கேட்பார்கள்.

மருமகள்_பாலையூற்று எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. அண்ணா சொன்னபடி உணவை வீட்டிலேயே வைத்துக்கொள்வதாக முடிவு செய்துவிட்டோம். சில விவரங்களை முன்னரே சொல்லியிருந்தால் உதவியாக இருந்திருக்கும். மாமியாருக்கு முழங்கால் வலி. படி ஏற முடியாது. சின்ன மகனுக்கு வேர்க்குரு வருவதால் குளிரூட்டப்பட்ட அறை கட்டாயம் வேண்டும் என்று மச்சாள் சொல்கிறார். கணவரின் தம்பி கனடாக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர். அவருக்குத் தனி விலை போடுவார்களா என்பதும் தெரிய வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. முகநூலில் உப்புவெளிக்கு அருகே மூன்று அறைகளுடன் சமையலறையும் உள்ள முழு வீடு ஒன்று ஓரிரவுக்கு 14,000 ரூபாவுக்குக் கிடைப்பதாக ஒரு விளம்பரம் கண்டேன். படங்கள் மிக அழகாக இருக்கின்றன. ஆனால் ஓகஸ்ட் மாதம் என்பதால் நான்கு நாள் வாடகையையும் இன்றே வங்கியில் இடவேண்டும், இல்லையென்றால் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவோம் என்கிறார்கள். எடுக்கலாமா?

வங்கிக்_கரும்பீடம் எழுதியது:

அக்கா, தயவுசெய்து இன்று பணம் இட வேண்டாம். நான் இங்குள்ள வங்கியொன்றில் கடமையாற்றுகிறேன். விடுமுறைக் காலம் நெருங்கும்போது இப்படிப்பட்ட வீட்டுக்குப் பணம் இட்டு ஏமாந்து எங்கள் கரும்பீடத்துக்கு வருகிறவர்களின் முகத்தைப் பார்க்க மனம் வருந்தும். பணம் மற்றவர் கணக்கில் விழுந்து அவர் அதை எடுத்துவிட்டபின், வங்கியால் அதைத் தானாகத் திருப்பிவிட முடியாது. பொலிஸில் முறைப்பாடு செய்து வழி தேட வேண்டியதுதான்.

முழு வீடு எடுப்பது எழுவருக்கு நல்ல யோசனைதான். இரண்டு அறைகளில் கூடுதல் மெத்தை போட்டுக் கொடுக்கும் தொகைக்கு மூன்று அறை வீடு கிடைப்பதும் உண்டு. ஆனால் நீங்கள் இந்த ஊரிலேயே இருக்கிறீர்கள். அது வெளியூரிலிருந்து பதிவு செய்கிறவர்களுக்கு இல்லாத பெரிய வசதி. ‘நாளை மாலை நேரில் வந்து வீட்டைப் பார்க்கிறோம்’ என்று அவர்களிடம் சொல்லிப் பாருங்கள். உண்மையான வீட்டுக்காரர் மகிழ்ச்சியோடு வரச்சொல்வார். ஊரில் இல்லை, சாவி வேறொருவரிடம் இருக்கிறது, முதலில் பணம் இடுங்கள் என்று காரணம் அடுக்கினால் அத்தோடு விட்டுவிடுங்கள். நேரில் பார்த்துப் பிடித்துக்கொண்டால் ஓரிரவு வாடகையை மட்டும் முற்பணமாகக் கொடுத்து, பெயர், அடையாள அட்டை இலக்கம், தேதிகள், மொத்த வாடகை, மீதித் தொகை, வராவிட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பவை எல்லாம் எழுதிய பற்றுச்சீட்டு வாங்குங்கள். கணக்குக்குப் பணம் இடுவதானால் கணக்கின் பெயரும் வீட்டுக்காரரின் பெயரும் ஒன்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரில் பார்க்கப் போகும்போது மாலை நான்கு மணியளவில் போங்கள். ஓகஸ்ட்டில் இங்கே கச்சான் காற்று வீசும் நாட்களில் சுவரும் கூரையும் நெருப்பாகக் காயும் என்பது உங்களுக்குத் தெரியும். படுக்கையறையின் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் அந்தச் சுவர் நள்ளிரவு வரை அறைக்குள் வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருக்கும், மின்விசிறி எவ்வளவு சுழன்றாலும் சுடுகாற்றுத்தான் வரும். மேலே ஓடு இருக்கிறதா, வெறும் கொங்கிரீட் தட்டா என்றும் பாருங்கள். குளியலறையில் தண்ணீரைத் திறந்து ஒரு துளியை நாவில் வைத்துப் பாருங்கள். கடற்கரைப் பக்கத்துக் கிணறுகள் சிலவற்றில் உப்புச்சுவை இருக்கும். அப்படியானால் குடிதண்ணீர்ப் போத்தலுக்கு நாள்தோறும் பணம் போகும். குழாயில் கந்தளாய்த் தண்ணீர் வருகிற வீடென்றால் அந்தச் செலவு இல்லை. குளியலறையின் தரை வழுக்குகிறதா, இருந்து எழக்கூடிய கொமட் இருக்கிறதா என்பவற்றையும் உங்கள் மாமியாருக்காகப் பாருங்கள். இவையெல்லாம் எந்தப் படத்திலும் தெரியாது.

வங்கி அட்டைச் சலுகைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடனட்டைக்கு 25 வீதம், 30 வீதம் கழிவு என்று வரும் விளம்பரங்கள் பெரும்பாலும் பெரிய ஹோட்டல்களுக்கு உரியவை. பாடசாலை விடுமுறைக்கும் நீண்ட வார இறுதிக்கும் பொருந்தாது என்று கீழே சிறிய எழுத்தில் இருக்கும். ஓகஸ்ட்டுக்கு அதை நம்பித் திட்டமிட வேண்டாம். பருவம் அல்லாத மாதத்தில் வருகிறவர்களுக்கு அது உண்மையிலேயே பயன்படும்.

கந்தோர்_நண்பன் எழுதியது:

சுருக்கமாக ஒரு விடயம். உங்கள் கணவரோ உறவினரோ அரச ஊழியராக இருந்தால் திணைக்களங்களின் சுற்றுலா விடுதிகளை, அதாவது நாங்கள் சர்க்கிட் பங்களா என்று சொல்பவற்றை, விசாரித்துப் பாருங்கள். திருகோணமலையில் பல திணைக்களங்களுக்கு இப்படிப்பட்ட விடுதிகள் இருக்கின்றன. அந்தந்தத் திணைக்கள ஊழியருக்கு முன்னுரிமையும் மிகக் குறைந்த கட்டணமும், ஏனைய அரச ஊழியருக்குச் சற்றுக் கூடிய கட்டணமும் அறவிடுவது வழக்கம். பெரும்பாலும் சமையலறையும், சமைத்துத் தருவதற்கு ஒரு காப்பாளரும் இருப்பார். சாமான்களை நாம் வாங்கிக் கொடுக்க வேண்டும். விண்ணப்பம் நன்கு முன்கூட்டியே போக வேண்டும் என்பதுதான் இதில் உள்ள சிரமம். ஓகஸ்ட் மாதத்துக்குப் போட்டி அதிகம். விண்ணப்பித்தவர் உடன் தங்க வேண்டும் என்ற விதி சில இடங்களில் உண்டு என்பதால், உங்கள் பெயரில் எடுத்து உறவினரை மட்டும் அனுப்பிவிட எண்ண வேண்டாம்.

அலஸ்தோட்டம்_விடுதி எழுதியது:

தபால்கந்தோர் வீதி ஐயா சொன்னதை மதிக்கிறேன். உணவு வீட்டில் என்று முடிவானபின், வீட்டுக்கு அருகில் தங்குவதே சரி என்பதை நானும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பிள்ளைகள் மலைநாட்டிலிருந்து வருகிறார்கள். அவர்களுக்குக் கடல் என்பது ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வரும் காட்சி அல்ல. விடிந்ததும் ஓடிப்போய்க் கால் நனைக்க வேண்டிய ஒன்று. அந்த ஆசையையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. எனவே நான்கு இரவுகளையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டியதில்லை. மூன்று இரவுகள் உங்கள் வீட்டுப் பக்கமும், புறாத்தீவுக்குப் போவதற்கு முதல் இரவு மட்டும் நிலாவெளிப் பக்கமுமாகப் பிரித்தால், படகுக்கு நேரத்தோடு போகலாம். பிள்ளைகளுக்கு ஒரு மாலையும் ஒரு காலையும் கடலோடு கிடைக்கும். தனி ஓரிரவுக்கு விலைக் குறைப்பு எதிர்பார்க்க முடியாது என்பது உண்மைதான். இருந்தாலும் திங்கள் அல்லது செவ்வாய் இரவாக எடுத்தால் தாங்கக்கூடிய விலையில் கிடைக்கும்.

குளிரூட்டியைப் பற்றி: எல்லா அறைக்கும் அது வேண்டியதில்லை. பிள்ளைகளும் பெற்றோரும் தங்கும் ஓர் அறைக்கு மட்டும் ஏ.சி. எடுத்து, மற்றதை மின்விசிறி அறையாக எடுங்கள். சில விடுதிகளில் ஒரே அறையை ஏ.சி. உடனும் இல்லாமலும் இரண்டு விலைக்குக் கொடுப்போம். மின்கட்டணம் ஏறியபின் அந்த இரண்டு விலைக்கும் இடையிலான வேறுபாடு சிறியதல்ல. மின்விசிறி அறை கீழ்த்தளத்தில் இருந்தால் மாமியாருக்குப் படியும் இல்லை, மேல்தட்டின் வெக்கையும் இல்லை. இரண்டு காரணத்துக்கும் அதுவே நல்லது.

சாரதியைப் பற்றி யாரும் பேசவில்லை. நான்கு நாளும் வேனை ஓட்டுகிறவர் இரவில் நன்றாக உறங்க வேண்டும். அது உங்கள் உறவினரின் உயிரோடு சம்பந்தப்பட்டது. சாரதிக்குப் படுக்க இடம் இருக்கிறதா, அதற்குத் தனிக் கட்டணமா, வேனை வளவுக்குள் நிறுத்தலாமா என்பவற்றைப் பதியும்போதே கேளுங்கள். கடற்கரை விடுதிகள் பலவற்றில் சாரதி அறை இலவசமாகவோ சிறு தொகைக்கோ கிடைக்கும். நகர லொட்ஜ்களில் அந்த ஏற்பாடு இருப்பது குறைவு. இடமில்லை என்றால் உங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு படுக்கையும் மின்விசிறியும் ஏற்பாடு செய்து கொடுங்கள்.

கனடாக் கடவுச்சீட்டு விடயத்தில், எங்களைப் போன்ற இடங்களில் உள்ளூர் ஒருவர் ரூபாவில் பேசி எடுத்த அறைக்கு, தங்குகிறவரில் ஒருவர் வெளிநாட்டுப் பிரசை என்பதற்காக விலையை மாற்றுவதில்லை. பெரிய ஹோட்டல்களில் உள்நாட்டவர் விலை, வெளிநாட்டவர் விலை என்று இரண்டு உண்டு; அங்கே அதை முன்கூட்டியே சொல்லி எழுத்தில் உறுதி பெறுங்கள். புறாத்தீவு அனுமதிச்சீட்டில் தப்ப முடியாது, வெளிநாட்டவருக்குப் பல மடங்கு கட்டணம். அவருக்கு இரட்டைக் குடியுரிமை இருந்தால் அதற்குரிய ஆவணத்தையும் அடையாள அட்டையையும் மறவாமல் கொண்டுவரச் சொல்லுங்கள்.

தபால்கந்தோர்_வீதி எழுதியது:

நண்பர் பிரித்துச் சொன்ன விதம் எனக்கும் சரியாகப் படுகிறது. மூன்று இரவு இங்கே, ஓரிரவு அங்கே என்றால் நான் மறுப்புச் சொல்ல மாட்டேன். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன், தங்கச்சி. மாமியாரை விடுதியில் தங்கவைக்க வேண்டாம். அவரை உங்கள் வீட்டில், மகளின் அறையில் வைத்துக்கொள்ளுங்கள். வயதானவர் இரவில் எழுந்து நடக்கும்போது தெரிந்த வீடாக இருப்பது பாதுகாப்பு. பேத்தியோடு அவருக்கு நேரமும் கிடைக்கும். உங்கள் கணவரின் மனக்குறையும் தீரும். விடுதியில் தங்குகிறவர் அறுவர் என்றானால் கூடுதல் மெத்தைக்குக் கொடுக்கும் பணமும் மிச்சம்.

ஹட்டனிலிருந்து வரும் வழியில் கண்டியில் ஓரிரவு தங்கும் எண்ணம் அவர்களுக்கு இருந்தால் அதையும் கைவிடச் சொல்லுங்கள். எசல பெரஹரா நடக்கும் நாட்களில் கண்டியில் அறை விலை இங்குள்ளதைவிட அதிகமாக ஏறிவிடும், வீதிகளும் மூடப்படும். விடியற்காலையில் புறப்பட்டுக் கண்டியைக் கடந்து, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக மாலைக்குள் வந்து சேர்ந்துவிடலாம்.

மருமகள்_பாலையூற்று எழுதியது:

அத்தையை வீட்டில் வைத்துக்கொள்ளும் யோசனையைக் கேட்டதும் என் கணவர் மிகவும் மகிழ்ந்தார், மகளும் சம்மதித்துவிட்டாள். அந்த முகநூல் வீட்டைப் பார்க்க வருகிறோம் என்றோம். இரண்டு முறை கேட்டும் முகவரி தரவில்லை, ஆகவே விட்டுவிட்டோம். அநுராதபுரச் சந்திக்கு அருகில் ஒரு குடும்பம் கீழ்த்தளத்தில் இரண்டு அறைகளை விடுகிறது. நாளை மாலை போய்ப் பார்க்கிறோம். நிலாவெளியில் ஓரிரவுக்கு மூன்று இடங்களுக்கு வட்ஸ்அப்பில் செய்தி அனுப்ப வேண்டும். எப்படி எழுதினால் தெளிவான பதில் வரும்?

அலஸ்தோட்டம்_விடுதி எழுதியது:

மூன்று இடங்களுக்கும் ஒரே செய்தியை அனுப்புங்கள். அப்போதுதான் பதில்களை ஒப்பிட முடியும். இப்படி எழுதலாம்:

‘வணக்கம். நாங்கள் திருகோணமலையைச் சேர்ந்தவர்கள். இத்தனையாம் தேதி, செவ்வாய் ஓரிரவுக்கு, பெரியவர் நால்வரும் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருவரும் தங்குவதற்கு ஓர் ஏ.சி. அறையும் ஒரு மின்விசிறி அறையும் தேவை. காலை உணவு வேண்டாம். ஒருவர் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர். சாரதிக்குப் படுக்க இடமும் ஒரு வேன் நிறுத்த இடமும் வேண்டும். சேவைக் கட்டணமும் வரிகளும் சேர்த்து நாங்கள் தரவேண்டிய மொத்தத் தொகையையும், முற்பணம் எவ்வளவு என்பதையும், எந்த நாள் வரை இரத்துச் செய்தால் அது திரும்பக் கிடைக்கும் என்பதையும் இதே இலக்கத்தில் எழுதி அனுப்பவும்.’

பதிலைத் தொலைபேசியில் சொன்னாலும், ‘நீங்கள் சொன்னபடி மொத்தம் இவ்வளவு’ என்று நீங்கள் ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். அறைக்குள் போகும் நாளில் வரவேற்பில் வேறொருவர் இருந்தாலும் அந்தச் செய்தியைக் காட்டலாம். படகையும் விடுதிக்காரர் மூலமே பேசச்சொல்லி வற்புறுத்தினால் உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம். முதல் நாள் மாலை கரையில் நிற்கும் படகுக்காரர்கள் இரண்டு மூன்று பேரிடம் நீங்களே விலை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.